பனிமலையில் ஒரு பகல்

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளியில், தென்பெண்ணையாற்று நீர்த்தேக்கத்தின் கரையில் மார்கழி வைகறையில் நிற்போர், நீர்ப்பரப்பின்மீது மூடுபனி மெல்லிய புகைபோல் படர்ந்திருக்கக் காண்பர். கதிரவன் எழுந்ததும் அது கலைந்துவிடும். தமிழர் பெரும்பாலும் அறிந்த பனி இதுவே. இமயமலைச் சாரலிலோ, பனி வெண்பஞ்சுபோல் வானினின்று உதிர்ந்து, ஆளுயரத்திற்குக் குவிந்து, மாதக்கணக்கில் உருகாது கிடக்கும். அதன்மீது கால்களில் நீண்ட கட்டைகளைப் பூட்டிக்கொண்டு வழுக்கிச் செல்லும் விளையாட்டே பனிச்சறுக்கு.

இந்தியாவில் இதற்குப் பெயர்பெற்ற இடம் காஷ்மீரத்திலுள்ள குல்மார்க். மலர்வெளி என்பது அப்பெயரின் பொருள். ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூரில், 1927ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் பனிச்சறுக்குக் கழகம் ஒன்றை நிறுவினர். 1948இல் இந்தியப் படைவீரர்க்கென ஒரு பனிச்சறுக்குப் பள்ளி இங்குத் தோன்றியது. அதுவே பின்னர் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாக வளர்ந்தது.

வகுக்கப்பட்ட தடங்களில் சறுக்குவது ஒரு வகை. தடமில்லா மலைக்குள் குழுவாகச் சென்று, தம் கால்களாலேயே ஏறிப் புதுப்பனியில் இறங்குவது மற்றொரு வகை. பங்குனியிலும் மேற்கிலிருந்து வரும் மேகங்கள் இங்குப் பனி பொழிவதுண்டு. புதுப்பனியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு காற்றே. ஆதலின் அதில் இறங்குவோர் மேகத்தில் மிதப்பதுபோல் உணர்வர்.

வழுக்கும் கட்டையுடன் மலையேறுவது எங்ஙனம்? பூனையின் முதுகைத் தலையிலிருந்து வால்நோக்கித் தடவினால் கை வழுக்கிச் செல்லும். எதிராகத் தடவினால் மயிர் தடுக்கும். அத்தகைய மயிர்ப்பட்டை ஒன்றைக் கட்டையின் அடியில் ஒட்டிக்கொள்வர். அது முன்னே வழுக்கும், பின்னே நழுவாது. உச்சியை அடைந்ததும் பட்டையை உரித்துப் பையில் இட்டுக்கொண்டு இறங்கத் தொடங்குவர்.

ஆயினும், அழகிய அப்பனியிலே இடரும் மறைந்துள்ளது. புதுப்பனி பழம்பனியின்மீது விழுகிறது. இடையிலுள்ள அடுக்கு வலுவற்றதாயின், ஒருவரின் எடையே மேலடுக்கைப் பெயர்த்துவிடும். சரிவு முழுவதும் உடைந்து பாயும். இதனைப் பனிச்சரிவு என்பர். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேயே இது மிகுதியாக நிகழ்கிறது. வேனில் நெருங்குங்கால் வெயிலும் பனியை இளக்கும். ஆதலின் அறிந்தோர் விடியுமுன் புறப்பட்டு, உச்சிவேளைக்கு முன் இறங்கிவிடுவர். 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள், குல்மார்க்கை அடுத்த கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த படைவீரர் 17 பேர் பனிச்சரிவுக்கு இரையாயினர். பனியோடு பழகியவர்க்கும் மலை இரங்குவதில்லை.

எனவே குழுவினர் சில முறைகளைத் தவறாது கைக்கொள்வர். இடர்மிக்க சரிவில் ஒரு நேரத்தில் ஒருவரே இறங்குவார். ஏனையோர் பாதுகாப்பான இடத்தில் நின்று, அவர்மீது வைத்த கண்ணை வாங்காது நோக்குவர். ஒவ்வொருவரும் மூன்று கருவிகளைக் கொண்டு செல்வர். ஒன்று, ஓயாது வானொலிக் குறி அனுப்பும் சிறு பெட்டி. மற்றொன்று, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீண்ட கோல். பிறிதொன்று மண்வாரி போன்ற பனிவாரி. ஒருவர் புதையுண்டால், மற்றவர் தம் பெட்டிகளைக் குறி வாங்கும் நிலைக்கு மாற்றி, அவர் இருக்குமிடம் கண்டு, கோலால் குத்தியறிந்து, விரைந்து தோண்டுவர். முதற் பத்து நிமிடங்களுக்குள் மீட்கப்படுவோருள் பத்தில் ஒன்பதின்மர் பிழைக்கின்றனர். அரைமணி கடப்பின் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. ஊரிலிருந்து உதவி வரும்வரை உயிர் காத்திராது. அருகில் நிற்கும் தோழனே காக்க வல்லவன்.

இங்கு எண்ணத்தக்கது ஒன்றுண்டு. ஒருவன் தன் முதுகில் சுமக்கும் கோலும் பனிவாரியும் அவனைக் காக்கமாட்டா; அவன் தோழனையே காக்கும். அவனைக் காக்கும் கருவிகள் தோழன் முதுகில் உள்ளன. ஆதலின், பனியில் விரிசல் கண்டோ, அடியில் 'பொம்' என்னும் ஒலி கேட்டோ, குழுவில் இளையவர் ஒருவர் "வேண்டாம்" எனினும் அனைவரும் திரும்பிவிடுவர். அவ்வாறு திரும்புதல் கோழைமை அன்று. பிறர் உயிரைத் தம் உயிராக மதிக்கும் பண்பே ஆகும்.