நைனார்பாளையத்திலிருந்து நயினாதீவுக்கு

எங்கள் ஊரில் கடலைப் பற்றிப் பேச்சு வருவது புயல் அறிவிப்பு வரும்போது மட்டும்தான். மற்ற நாளெல்லாம் மரவள்ளி விலை, மக்காச்சோளத்தில் படைப்புழு, மழை எப்போது என்பதோடு சரி. எங்கள் பக்கத்துக் கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கின்றன. நைனார்பாளையத்துக்காரர்களான நாங்கள் அவ்வளவு தூரம்கூடப் போனதில்லை.

டீக்கடையில் ஒரு நாள் நண்பர் கைபேசியை நீட்டினார். நாலைந்து பேர் பாய்மரப் படகில் கிரேக்கத் தீவுகளைச் சுற்றுகிறார்கள். காலையில் ஒரு தீவில் பழைய கோயில், மாலையில் இன்னொன்றில் கோட்டை. எங்கள் செட்டுக்கும் ஆசை வந்தது. விமானம், விசா, படகு வாடகை என்று கணக்குப் போட்டதும் ஆசை அடங்கிவிட்டது. கூட இருந்த ஆசிரியர்தான் சொன்னார்: "தீவுதானப்பா வேணும்? நாகப்பட்டினத்துல கப்பல் ஏறுனா யாழ்ப்பாணம். அங்க ஏழு தீவு கெடக்கு."

நாகை – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி கிளம்பியது. பயணம் சுமார் நான்கு மணி நேரம். விருத்தாசலம், சிதம்பரம் வழியாக நாங்கள் நாகைக்குப் போய்ச் சேர்ந்த பாட்டைவிட இது சுருக்கம். மரவள்ளிக்கார நண்பர் மட்டும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே கடலைக் கடந்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் வேலணை, அடுத்த பாலத்தைத் தாண்டினால் புங்குடுதீவு. அதன் முனையில் குறிகாட்டுவான் இறங்குதுறை. இந்தத் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம், அனலைதீவுக்கு ராட்டர்டாம், நயினாதீவுக்கு ஹார்லெம். இன்று அந்தப் பெயர்களைச் சொன்னால் படகோட்டி சிரிப்பார். நெடுந்தீவை மட்டும் ஆங்கிலத்தில் இன்னும் ‘டெல்ஃப்ட்’ என்கிறார்கள்.

"எங்கையிருந்து வாறியள்?" என்று படகில் ஒரு அம்மா கேட்டார். நைனார்பாளையம் என்றதும், "எங்கட நயினாதீவு மாதிரியே இருக்கு" என்றார். நயினார் என்பது தலைவனைச் சுட்டும் பழைய மரியாதைச் சொல். எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களுக்கு இன்றும் அது பட்டம். இதை வைத்து இரு ஊருக்கும் உறவு கொண்டாடி வரலாறு எழுதப் போவதில்லை. ஆனால் அந்த அம்மா பையிலிருந்து பனங்காய்ப் பணியாரம் எடுத்துக் கொடுத்தது அந்தப் பெயர் பண்ணின வேலைதான்.

நயினாதீவில் இறங்கினால் ஒரு பக்கம் நாகபூசணி அம்மன் கோயில், கொஞ்ச தூரத்தில் நாகதீப விகாரை. நாக அரசர் இருவர் மணி ஆசனத்துக்காகச் சண்டையிட, புத்தர் வந்து சமாதானம் செய்தார் என்கிறது மகாவம்சம். மணிமேகலை வந்திறங்கிய மணிபல்லவம் இதுவே என்று சொல்வோரும் உண்டு. கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். இலையில் சோறு விழும்போது, அந்தப் பெயர் எந்தக் காப்பியத்தின் எந்தக் காதையில் வருகிறது என்று ஆசிரியர் விளக்க ஆரம்பித்தார். "மொதல்ல சாப்புடுங்க சார்" என்று அடக்கினோம்.

இந்தப் பயணத்தில் என்னைக் கட்டிப்போட்டது அம்மன் கோயிலில் இருக்கும் ஒரு கல்வெட்டு. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை, 12ஆம் நூற்றாண்டு. சிங்கள மன்னன், ஆணையோ தமிழில். அயல்நாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்க வேண்டும், அவர்களைக் காக்க வேண்டும் என்கிறது. அடுத்து வருவதுதான் முக்கியம். யானை, குதிரை ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கலம் உடைந்தால் சரிபாதி.

உடைந்த கப்பலின் சரக்கு கரைக்காரனுக்கே என்பது அந்தக் காலத்தில் பல கடற்கரைகளில் வழக்கம். அதைக் கைவிடுவதாகக் காகதீய மன்னன் கணபதிதேவன் மோட்டுப்பள்ளியில் கல்லில் வெட்டியது 1244 வாக்கில். பராக்கிரமபாகு அதற்கும் முன்னாலேயே பாதிதூரம் வந்துவிட்டான். யானைக்கும் குதிரைக்கும் சலுகை அதிகம் கொடுத்ததில் தருமம் கொஞ்சம், போர்ப்படைக் கணக்கு நிறைய. கடல் நட்டத்தைப் பங்கிட மத்தியதரைக் கடலிலும் ரோட்ஸ் தீவின் பெயரால் வழங்கும் சட்டம் ஒன்று உண்டு. புயலில் கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் வீசினால், அந்த நட்டத்தைக் கப்பலில் சரக்கு வைத்திருந்த எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ரோமச் சட்டத்தில் ஏறி இன்றைய கப்பல் காப்பீடு வரை அது நிற்கிறது. ரோட்ஸுக்குக் கிடைத்த பேரில் நூறில் ஒரு பங்கு நயினாதீவுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த தடவை கும்பிடப் போகிறவர்கள் அந்தக் கல்லின் முன்னாலும் ஐந்து நிமிடம் நிற்கட்டும்.

மறுநாள் நெடுந்தீவு. ஒரு மணி நேரப் படகு. நடுக்கடலில் ஆட்டம் பலம். அதே கடலில்தான் 1985 மே 15 அன்று ‘குமுதினி’ படகை மறித்து, குழந்தைகள், பெண்கள் உட்படப் பயணிகள் பலரை வெட்டிக் கொன்றார்கள். தீவில் நினைவிடம் இருக்கிறது. அங்கே நாங்கள் யாரும் படம் எடுக்கவில்லை.

தீவு முழுக்கப் பனை. வீட்டு வேலிகள் எல்லாம் பவளப்பாறைக் கல். சாந்து பூசாமல் அடுக்கியவை. தோப்போரம் மட்டக் குதிரைகள் மேய்கின்றன. ஐரோப்பியர் காலத்தில் இங்கே குதிரை வளர்த்தார்கள். லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. கோட்டை இடிந்து கிடக்கிறது. புறாக்கூடு மட்டும் கட்டுக்குலையாமல் இருக்கிறது. அந்தக் காலத்தில் சேதி கொண்டுபோனவை புறாக்கள். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பெருக்குமரம் ஒன்றும் உண்டு; அதன் பொந்துக்குள் நாங்கள் நால்வரும் நின்றோம். கிரேக்கத் தீவு வீடியோ காட்டிய நண்பர் அதற்குள்ளிருந்துதான் வீட்டுக்குப் பேசினார். "வெளிநாட்டுலதான் இருக்கேன், ஆனா எல்லாரும் தமிழ்தான் பேசுறாங்க" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: பாஸ்போர்ட் வேண்டும், இலங்கைக்கான அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் நாகைக் கப்பல் நின்றுவிடும்; ஐப்பசி, கார்த்திகையில் திட்டம் போடாதீர்கள். நயினாதீவுக் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். நெடுந்தீவிலிருந்து திரும்பும் கடைசிப் படகு பிற்பகலிலேயே கிளம்பிவிடும். கரையில் கால் வைத்ததும் முதலில் அந்த நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.