லினக்ஸ் கணிப்பொறியில் வரைகலை அட்டைக்குரிய இயக்கியை நிறுவுதல்

ஒரு யந்திரம் எவ்வளவு திறமை வாய்ந்ததாயினும், அதனை இயக்குபவரின் கட்டளை அதற்குப் புரியும் வகையில் சென்று சேராவிடில் அதனால் பயன் யாதுமில்லை. கணிப்பொறியில் பொருத்தப்படும் வரைகலை அட்டைக்கும் இது பொருந்தும். அட்டையை வாங்கிப் பொருத்துவது எளிது. அதனை வேலை வாங்குவதே சிரமமானது. பள்ளிக்கூடங்களிலும் கள அலுவலகங்களிலும் லினக்ஸ் முறையில் இயங்கும் கணிப்பொறிகள் பெருகியுள்ள காலத்தில், இவ்விஷயத்தின் அடிப்படையை உபாத்தியாயர்களும் கள ஊழியர்களும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஹைதராபாத்தில் நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்று

வரைகலை அட்டை முதலில் படங்களைத் திரையில் வரைவதற்கென்றே அமைக்கப்பட்டது. திரையிலுள்ள இலட்சக்கணக்கான புள்ளிகளின் நிறத்தை ஒரே சமயத்தில் கணிக்க வேண்டியிருப்பதால், அதில் சிறு கணக்கீட்டு உறுப்புகள் நூற்றுக்கணக்கில் அமைந்திருக்கும். இவ்வுறுப்புகளைப் பிற கணக்குகளுக்கும் பயன்படுத்தலாம் என்பது பின்னர் அறியப்பட்டது. என்விடியா என்னும் அமெரிக்கக் கம்பெனி, இதற்கு உதவும் கூடா என்ற முறையை 2006ஆம் ஆண்டு அறிவித்தது.

அடுத்த ஆண்டிலேயே, அதாவது 2007இல், ஹைதராபாத்திலுள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பவன் ஹரீஷ், பி. ஜே. நாராயணன் ஆகிய இருவரும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டனர். ஒரு கோடி சந்திகளைக் கொண்ட வலைப்பின்னல் ஒன்றில், குறிப்பிட்ட ஓரிடத்திலிருந்து மற்ற எல்லா இடங்களுக்கும் உள்ள மிகக் குறுகிய வழிகளை ஒன்றரை விநாடியில் கணக்கிட முடியும் என்று அதில் காட்டினர். அவர்கள் உபயோகித்தது அறுநூறு டாலர் விலையுள்ள 8800 ஜிடிஎக்ஸ் என்னும் அட்டை. விளையாட்டுப் பிரியர்கள் கடையில் வாங்கும் அட்டையே அது. பெருந்தொகை செலவிட்டு அமைக்கும் பெருங்கணிப்பொறியின்றியும் பெருங்கணக்குகளைச் செய்யலாம் என்பதை இந்த ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது.

இதே வட்டாரத்தில், கந்தியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், 2020ஆம் ஆண்டு என்விடியா கம்பெனியின் ஒத்துழைப்புடன் செயற்கை நுண்ணறிவுத் தொழில்நுட்ப மையம் ஒன்று நிறுவப்பட்டது. இத்தகைய நிலையங்களில் நிபுணர்கள் உள்ளனர். இயக்கியைப் பற்றிய தொல்லைகளை அவர்கள் கவனித்துக்கொள்வர். ஒரே அட்டையுடனும் ஒரே கணிப்பொறியுடனும் பணிபுரியும் கிராமத்துப் பள்ளி ஆசிரியருக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே, விஷயத்தைத் தாமே புரிந்துகொள்வதே அவருக்குத் துணையாகும்.

இயக்கி என்பது யாது?

முற்காலத்தில் அயல்நாட்டு வணிகருக்கும் உள்நாட்டு வியாபாரிக்கும் இடையே துவிபாஷி ஒருவர் நின்று பேச்சை மாற்றிக் கூறுவது வழக்கம். இயக்கி செய்யும் வேலையும் அத்தகையதே. லினக்ஸின் மையப்பகுதியாகிய கெர்னல் பொதுவான கட்டளைகளை இடுகிறது. அட்டையோ தனக்கே உரிய எண்மொழியை மட்டும் அறியும். இவ்விரண்டுக்கும் இடையே நின்று மொழிபெயர்த்துத் தரும் நிரலே இயக்கி எனப்படுகிறது.

லினக்ஸ் கெர்னலை லினஸ் டார்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு முதன்முதலில் வெளியிட்டார். அதன் மூலநிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். திருத்தியதைப் பிறருக்கு அளிப்பவர், திருத்திய மூலநிரலையும் சேர்த்து அளிக்க வேண்டும் என்பதே அதன் உரிம நிபந்தனை. இன்டெல் கம்பெனியின் வரைகலைச் சில்லுகளுக்கும், ஏஎம்டி கம்பெனியின் அட்டைகளுக்கும் உரிய திறந்த இயக்கிகள் கெர்னலுடனேயே வருகின்றன. அவற்றை உபயோகிப்போர் சாதாரணமாகத் தனியே இயக்கி எதையும் நிறுவத் தேவையில்லை.

என்விடியாவின் நிலை வேறு. அக்கம்பெனி தனது இயக்கியின் மூலநிரலை நெடுங்காலம் வெளியிடாமல், முத்திரையிட்ட பெட்டி போன்று வழங்கிவந்தது. கெர்னலுடன் பொருந்துவதற்கு வேண்டிய மெல்லிய பகுதி மட்டுமே திறந்திருந்தது. இதனால் மனக்குறையுற்ற தன்னார்வலர்கள், அட்டையின் போக்கைக் கவனித்து அதன் மொழியைத் தாமே கண்டறிந்து, நூவோ என்னும் திறந்த இயக்கியை அமைத்தனர். அது 2010ஆம் ஆண்டு வெளியான கெர்னலில் சேர்க்கப்பட்டது. 2012இல் பின்லாந்து நாட்டின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய டார்வால்ட்ஸ், என்விடியாவின் போக்கைக் கடுஞ்சொற்களால் கண்டித்தார். 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்கம்பெனி, கெர்னலுடன் இணையும் பகுதியின் மூலநிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. 2018இல் வந்த டூரிங் வகையும் அதற்குப் பிற்பட்ட வகைகளும் மட்டுமே இதனால் பயன்பெறும். கெர்னலுக்கு வெளியே இயங்கும் பகுதிகள் அதன் பின்னரும் மூடியவாறே வழங்கப்பட்டன.

தொல்லையின் மூலகாரணம்

கெர்னலின் உள்ளமைப்பு ஒவ்வொரு பதிப்பிலும் மாறுதலடைகிறது. கெர்னலுடனேயே உள்ள இயக்கிகளை, மாறுதல் செய்வோரே உடனுக்குடன் திருத்திவிடுகின்றனர். வெளியே நிற்கும் இயக்கிக்கு அந்தப் பராமரிப்பு கிடைப்பதில்லை. கெர்னல் மாறும்பொழுதெல்லாம் அதற்கேற்ப இணைப்புப் பகுதியைப் புதிதாகத் தொகுத்தாக வேண்டும். தொகுப்பு நடைபெறாவிடில், மறுமுறை கணிப்பொறியைத் தொடங்கும்பொழுது திரை கருமையாகவே நின்றுவிடக்கூடும். பெரும்பாலோர், ‘நேற்று வரை நன்றாயிருந்த யந்திரம் இன்று கெட்டுவிட்டது’ என்று கூறுவதற்குக் காரணம் இதுவே. யந்திரம் கெடவில்லை, துவிபாஷிதான் புதிய எஜமானரின் பேச்சை அறியாது நிற்கிறார்.

மூடிய இயக்கி ஏற்றப்பட்டவுடன் கெர்னல் தன்னைக் ‘கறைபட்டது’ என்று குறித்துக்கொள்கிறது. இது பழுதைக் குறிப்பதன்று. உள்ளே நடப்பதைச் சோதிக்க இயலாத ஒரு பகுதி சேர்ந்துள்ளது என்னும் எச்சரிக்கையே ஆகும். இந்நிலையில் நேரும் பிழைகளைப் பற்றிய புகார்களைக் கெர்னல் அமைப்போர் பெரும்பாலும் ஏற்பதில்லை.

நிறுவுமுன் கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, மூடிய இயக்கி உண்மையில் தேவையா என்று ஆராய வேண்டும். கடிதம் எழுதுதல், பாடப்படங்களைக் காட்டுதல், கணக்கு அட்டவணை தயாரித்தல் ஆகியவற்றுக்கு நூவோ இயக்கி பெரும்பாலும் போதுமானது. கூடா முறையில் கணக்கிடுதல், முப்பரிமாண உருவங்களை வேகமாக வரைதல், துணைக்கோள் படங்களைப் பகுத்தாய்தல் போன்ற வேலைகள் இருந்தால் மட்டுமே என்விடியாவின் இயக்கி அவசியமாகிறது.

இரண்டாவதாக, அட்டையின் வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொருத்தப்பட்டுள்ள சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை இட்டால் அட்டையின் பெயர் தோன்றும். புதிய இயக்கிகள் பழைய அட்டைகளை ஆதரிப்பதில்லை. பெர்மி வகை அட்டைகளுக்கு 390 என்னும் தொடரும், கெப்ளர் வகைக்கு 470 என்னும் தொடருமே கடைசியானவை. குறைந்த விலையில் பரவலாக விற்பனையான ஜிடி 710 அட்டைகளில் பெரும்பாலானவை கெப்ளர் வகையைச் சேர்ந்தவை. இத்தகைய அட்டையைப் புதிய கெர்னலுடன் உபயோகிப்போர், மூடிய இயக்கியை விரும்பி அல்லலுறுவதைவிட நூவோவுடன் திருப்தியடைவதே நலம்.

மூன்றாவதாக, முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். நிறுவும் பணி கோப்புகளை அழிப்பதில்லையாயினும், திரை தோன்றாத யந்திரத்திலிருந்து அவற்றை மீட்பது காலதாமதமாகும்.

நிறுவும் முறை

இயக்கியைப் பெற இரு வழிகள் உண்டு. கம்பெனியின் தளத்திலிருந்து நேரே இறக்கி ஓட்டுவது ஒன்று. தாம் உபயோகிக்கும் லினக்ஸ் வழங்கலின் களஞ்சியத்திலிருந்து பெறுவது மற்றொன்று. இரண்டாவது வழியே சிறந்தது. களஞ்சியத்திலுள்ள இயக்கி, அந்த வழங்கலுக்கு ஏற்றவாறு சோதிக்கப்பட்டது. மேலும், கெர்னல் மாறும்பொழுது இணைப்புப் பகுதியைத் தானாகவே மீண்டும் தொகுக்கும் டிகேஎம்எஸ் என்னும் ஏற்பாட்டையும் அதனுடன் பெறலாம். நேரே இறக்கிய இயக்கியைப் பின்னர் முற்றிலும் நீக்குவதும் கடினம்.

உபுண்டு வழங்கலிலும் அதனை ஆதாரமாகக் கொண்டவற்றிலும் ‘கூடுதல் இயக்கிகள்’ என்ற பகுதி உள்ளது. அதனைத் திறந்தால் அட்டைக்கேற்ற தொடர்கள் பட்டியலாகத் தோன்றும். ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்று குறிக்கப்பட்டதைத் தேர்ந்தெடுத்தால் போதும். டெபியன் வழங்கலில் இவ்வளவு எளிதன்று. அங்கே மூடிய நிரல்கள் பிரதானக் களஞ்சியத்தில் இடம்பெறுவதில்லை. ‘நான்-ஃப்ரீ’ எனப்படும் தனிப்பகுதியை முதலில் அனுமதித்து, பிறகு கெர்னலின் தலைப்புக் கோப்புகளையும் இயக்கியையும் நிறுவ வேண்டும். சென்னையிலுள்ள சி-டாக் நிலையம் உருவாக்கிய பாஸ் வழங்கலும் டெபியனை ஆதாரமாகக் கொண்டதே. தலைப்புக் கோப்புகள் இல்லாவிடில் தொகுப்பு நடைபெறாது. பலர் தவறவிடும் படி இதுவே.

ஒரே அட்டையை இரு இயக்கிகள் ஆள இயலாது. ஆகையால் நூவோவைத் தடைப்பட்டியலில் சேர்த்து, தொடக்கக் கோப்பை மறுபடி அமைக்க வேண்டும். களஞ்சிய வழியில் இவ்விரண்டும் சாதாரணமாகத் தாமே நடைபெறும்.

செக்யூர் பூட் என்னும் காவல்

அண்மைக்காலக் கணிப்பொறிகளில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு உண்டு. நம்பத்தக்க கையொப்பம் இல்லாத நிரலைக் கெர்னலில் ஏற்ற அது இடந்தராது. உள்ளூரில் தொகுக்கப்பட்ட இயக்கிக்கு அக்கையொப்பம் இராது. எனவே அக்கணிப்பொறிக்கென ஒரு சாவியை உண்டாக்கி, அதனால் இயக்கியில் கையொப்பமிட்டு, அச்சாவியை யந்திரத்தில் பதிவு செய்ய வேண்டும்.

நிறுவும்பொழுது தற்காலிகக் கடவுச்சொல் ஒன்று கேட்கப்படும். மறுமுறை கணிப்பொறி தொடங்கும்பொழுது நீலநிறத் திரை ஒன்று சில விநாடிகள் மட்டும் தோன்றும். உடனே ஒரு விசையை அழுத்தி, சாவியைப் பதிவு செய்யும் வரியைத் தேர்ந்து, அக்கடவுச்சொல்லை இட வேண்டும். அத்திரையைத் தவறவிட்டால் யந்திரம் வழக்கம்போல் தொடங்கிவிடும். ஆனால் இயக்கி ஏறாது. இதனை அறியாமல், இயக்கி கெட்டுவிட்டதாக எண்ணிப் பலமுறை நிறுவிப் பார்த்து நாளைக் கழித்தவர் பலர். பதிவு செய்வதை மீண்டும் ஒருமுறை தொடங்கினால் குறை தீர்ந்துவிடும்.

சோதித்தலும் மீட்டலும்

யாவும் முடிந்தபின் என்விடியா-எஸ்எம்ஐ என்ற கட்டளையை இட வேண்டும். அட்டையின் பெயர், இயக்கியின் பதிப்பெண், வெப்பநிலை, உபயோகத்திலுள்ள நினைவகம் ஆகியவை அட்டவணையாகத் தோன்றினால் நிறுவுதல் வெற்றியடைந்தது என்று கொள்ளலாம்.

திரை தோன்றாவிடில் கலங்க வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் பெரும்பாலும் எழுத்துத் திரை தோன்றும். அங்கிருந்து இயக்கியை நீக்கலாம். அதுவும் தோன்றாவிடில், தொடக்கப் பட்டியலில் ‘மேம்பட்ட தெரிவுகள்’ என்பதன் கீழ் முந்தைய கெர்னலைத் தேர்ந்தால், அதற்கெனத் தொகுத்த இயக்கியுடன் யந்திரம் பழையபடி இயங்கும். இதனாலேயே பழைய கெர்னல் ஒன்றையாவது நீக்காமல் வைத்திருத்தல் நன்று.

முடிவாக நினைவிற் கொள்ள வேண்டியவை சில. செய்முறைத் தேர்வுக்கோ, கள அறிக்கை அனுப்பும் நாளுக்கோ முந்திய மாலையில் கெர்னலைப் புதுப்பிக்கலாகாது. பல கணிப்பொறிகள் உள்ள இடத்தில் ஒன்றில் மட்டும் புதுப்பித்து, ஒரு வாரம் கவனித்த பின்பே மற்றவற்றில் புதுப்பிக்க வேண்டும். அட்டையின் பெயர், இயக்கியின் தொடர், கெர்னலின் பதிப்பு ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதி, யந்திரத்தின் அருகில் வைப்பது நலம். புதிய அட்டை வாங்கும் வாய்ப்புள்ளவர்கள், திறந்த இயக்கி உள்ளதா என்பதை வாங்குமுன்பே விசாரித்தறிய வேண்டும். விலையில் மிச்சமாகும் சில நூறு ரூபாயைவிட, பத்தாண்டுகளுக்குப் பின்னும் அட்டை பயன்தரும் என்னும் உறுதியே பள்ளிக்கூடத்திற்கு மேலான லாபமாகும்.