அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டைத் தட்டிப் பாருங்கள்

பழைய வீடோ கைமாறும் ஃபிளாட்டோ வாங்கும்போது பத்திரம் பார்ப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். வில்லங்கச் சான்று எடுக்கிறோம், தாய்ப்பத்திரத்தைத் தேடிப் பிடிக்கிறோம், வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்குகிறோம். கட்டடத்தைப் பார்ப்பது மட்டும் அரை மணி நேர வேலையாக முடிந்துவிடுகிறது. வாசல் எந்தத் திசை, சமையலறை அக்னி மூலையில் இருக்கிறதா, கார் நிற்குமா என்பதோடு சரி.

வங்கிக் கடன் என்றால் ஒரு இன்ஜினீயர் வந்து பார்ப்பாரே என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். கொடுக்கும் கடனுக்கு வீடு ஈடாகுமா என்று வங்கிக்குச் சொல்லத்தான் அவர் வருகிறார். பாத்ரூம் ஒழுகுகிறதா என்று உங்களுக்குச் சொல்வது அவர் வேலையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவின்படி, விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமான குறையை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். அதிலேயே ஒரு கொக்கியும் உண்டு. சாதாரண கவனத்தோடு பார்த்தாலே வாங்குபவருக்குத் தெரிந்துவிடக்கூடிய குறைக்கு இந்தக் கடமை பொருந்தாது. ஆக, கண்ணெதிரே இருக்கும் விரிசலைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

எப்போது, எப்படிப் போவது?

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், பகல் வெளிச்சத்தில் போங்கள். மழை பெய்த மறுநாள் என்றால் இன்னும் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வீடு தன் குணத்தைக் காட்டிவிடும். கையில் ஒரு டார்ச், தட்டிப் பார்க்க ஒரு கம்பு, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகல் இருக்கட்டும். வரைபடத்தில் பால்கனி என்று இருப்பது நேரில் அறையாக மாறியிருந்தால், அதற்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அந்தச் சுவரைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும்.

சீலிங்கும் விரிசலும்

முதலில் அண்ணாந்து பாருங்கள். கான்கிரீட்டுக்குள் ஈரமோ உப்போ இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் உள்ளிருந்து தள்ளி, கான்கிரீட்டைப் பிளக்கும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் இது சீக்கிரமே தொடங்கிவிடும். கம்பால் சீலிங்கைத் தட்டுங்கள். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்கும். பிரிந்துபோன இடத்தில் ‘பொத் பொத்’ என்று கேட்கும். பூச்சு மட்டும் விட்டிருந்தாலும் இதே சத்தம் வரலாம். கம்பி ஓடும் வாக்கில் நீளமாக விரிசலும், பழுப்பு நிறக் கறையும் சேர்ந்து இருந்தால் விஷயம் பெரியது.

எல்லா விரிசலுக்கும் பயப்பட வேண்டாம். பூச்சில் வலைபோல ஓடும் மெல்லிய கீறல்கள் சாதாரணம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், செங்கல் வரியை ஒட்டிப் படிப்படியாகப் போகும் விரிசல், தூணிலோ பீமிலோ தெரியும் விரிசல் ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை. களிமண் நிலம் மழையில் ஊதி, கோடையில் சுருங்கும்போது அஸ்திவாரம் அசைவதாலும் இவை வரும். இங்கே உங்கள் கண் போதாது. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை அழைத்துப் போங்கள். தேவைப்பட்டால் ரீபவுண்ட் ஹாமர், அல்ட்ராசானிக் சோதனைகள் மூலம் உடைக்காமலே கான்கிரீட்டின் தரத்தை அவர் கணிப்பார்.

தண்ணீர் வரும் வழி, போகும் வழி

சுவரின் அடியில் பெயின்ட் உப்பிப் பொரிந்திருந்தால் தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது. பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரில் ஈரம் தெரிந்தால் குழாய் கசியலாம். ஃபிளாட் என்றால், கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டு அவர்கள் பாத்ரூம் சீலிங்கைப் பாருங்கள். கறை இருந்தால், வீடு உங்களுடையதான மறுநாளே அவர் கதவைத் தட்டுவார். மொட்டைமாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது வடிகாலுக்கு ஓடுகிறதா, தேங்குகிறதா என்று பாருங்கள்.

போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது இந்தியத் தர நிர்ணயப்படி குடிக்க ஏற்றது. வேறு வழியில்லாதபோது 2,000 வரை அனுமதி உண்டு.

வெள்ளத்தைப் பற்றி புரோக்கரிடம் கேட்காதீர்கள். தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடமோ இஸ்திரி வண்டிக்காரரிடமோ கேளுங்கள். சென்னை என்றால் கேள்வி எளிது: “2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?”

மரமும் மின்சாரமும்

வாசல் நிலையின் அடிப்பாகத்தைச் சாவியால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் கரையான் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். சுவரில் மண் கோடுகள் ஓடுகின்றனவா என்று பரணுக்குப் பின்னாலும் பாருங்கள். மின்பெட்டியில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் சட்டென்று விழுகிறதா என்று பார்ப்பதும் அவசியம். எர்த்திங்கை ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள்.

குறை தெரிந்தால்?

குறையில்லாத பழைய வீடு கிடையாது. சரிசெய்ய என்ன செலவாகும் என்று கணக்கெழுதி வாங்குங்கள். அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்; அல்லது விற்பவரே பதிவுக்கு முன் சரிசெய்து தருவதாகக் கிரய ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும் திட்டத்தில் உள்ள ஃபிளாட் என்றால், ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறையைக் கட்டுநர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். எனவே ஒப்படைத்த தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. பெயின்ட் அடித்து மறைப்பதைவிட, கசிவை அடைத்துவிட்டு ரசீதைக் காட்டுவது லாபம். தெரிந்த குறையை எழுத்தில் சொல்லிவிட்டால், மறைத்தீர்கள் என்று பின்னால் யாரும் வழக்குப் போட்டு ஜெயிப்பது கடினம். பேரமும் சீக்கிரம் முடியும்.