நின்ற இடத்து என்ஜின் ஓடிய கதை

ஓரிடத்தில் நின்று உழைப்பதற்கென்றே செய்த என்ஜினை இருசக்கர வண்டியில் ஏற்றினால் ஓடுமா? 1946-ஆம் ஆண்டு ஜப்பானின் ஹமமட்சு நகரில் சோய்சிரோ ஹோண்டா இதைச் செய்து பார்த்தார். போரில் தோற்ற நாடு, பெட்ரோலுக்குப் பஞ்சம், ரயிலில் நிற்கவும் இடமில்லை. இராணுவத்தின் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறு என்ஜின்கள் வேண்டுவாரின்றிக் கிடந்தன. அவற்றைச் சைக்கிளில் பொருத்தினார். முதல் வண்டிக்குப் பெட்ரோல் தொட்டி எது தெரியுமா? குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க் குடுவை!

சிக்கல் என்ஜினில் இல்லை. அதன் சுழற்சியைச் சக்கரத்திடம் ஒப்படைப்பதில்தான் இருந்தது. முதலில் ஓர் உருளையை முன்சக்கர டயரின்மீது அழுத்தி உரசவிட்டார். டயர் தாங்கவில்லை. பிறகு என்ஜினைச் சட்டத்தின் நடுவே இறக்கி, பெல்ட்டால் பின்சக்கரத்தை இழுத்தார். எங்கள் ஊர் மாவு மில்லில் ஓடுகிறதே, அதே தத்துவம்.

இதில் ஒரு கணக்கு உண்டு. என்ஜின் நிமிடத்திற்கு 3,600 முறை சுழல்வதாகவும், சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்றும் கொள்வோம். இரண்டையும் நேரே இணைத்தால் வண்டி மணிக்கு 432 கிலோமீட்டர் பறக்க வேண்டும்! உண்மையில் அது அசையவே அசையாது. சுழற்சியைப் பன்னிரண்டில் ஒன்றாகக் குறைத்தால் வேகம் 36 கிலோமீட்டர். உராய்வை ஒதுக்கிவிட்டால், சக்கரத்தில் முறுக்கு விசை 12 மடங்கு.

பழைய என்ஜின்கள் தீர்ந்துபோகவே, ஹோண்டா தாமே ஒன்றைச் செய்தார். 1947-இல் வந்த 'ஏ' வகை என்ஜின் அதுதான். அதிலும் பின்சக்கரத்தை இழுத்தது பெல்ட்டே.