சீட் இல்லாத சைக்கிள்

சீட் கிடையாது. கியர், மட்கார்ட், பெல், ஸ்டாண்டு எதுவும் கிடையாது. மொத்த எடை பத்து கிலோவைத் தாண்டாது. இந்த வண்டியில் ஏறுபவர் நின்றபடிதான் ஓட்ட வேண்டும். நின்றபடியே, ஓடி வந்த வேகம் ஏதும் இல்லாமல், இடுப்புயரப் பாறை மீது வண்டியோடு எம்பி ஏறி, பின்சக்கரத்தில் மட்டும் நின்று, அடுத்த பாறை எங்கே என்று நிதானமாகப் பார்ப்பார்.

ட்ரையல்ஸ் என்ற இந்த சைக்கிள் விளையாட்டில் யார் முதலில் வந்தார் என்பது கணக்கே இல்லை. பாறை, மரக்கட்டை, கான்கிரீட் குழாய், கம்பித் தண்டவாளம் எனத் தடைகளை அடுக்கிய ஒரு பகுதியை இரண்டு நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். கால் தரையில் பட்டால் அபராதப் புள்ளி. ஐந்து சேர்ந்துவிட்டால் அந்தப் பகுதியில் ஆட்டம் முடிந்தது.

இந்த விளையாட்டு பிறந்தது ஸ்பெயினின் கட்டலோனியாவில். மோட்டார் சைக்கிள் ட்ரையல்ஸ் அங்கே ஏற்கெனவே பிரபலம். மொன்டேசா நிறுவனத்தில் பைக் ஓட்டிப் பெயர் பெற்ற பெரே பீ, சிறுவர்கள் அதே வித்தைகளைப் பழகுவதற்கென்று எஞ்சின் இல்லாத சின்ன வண்டிகளைச் செய்வதில் இறங்கினார். 1983-இல் மான்ட்டி என்ற சைக்கிள் நிறுவனத்தையும் தொடங்கினார். அவருடைய மகன் ஓட் பீ பின்னாளில் உலகச் சாம்பியன் ஆனார். சர்வதேச சைக்கிள் ஓட்டச் சம்மேளனம் 1986 முதல் இதற்கு உலகச் சாம்பியன் போட்டி நடத்துகிறது. ஆண்களுக்கு 20 அங்குலச் சக்கரம், 26 அங்குலச் சக்கரம் என இரண்டு பிரிவு. பெண்கள் பிரிவில் 2000-களில் ஸ்விட்சர்லாந்தின் கரின் மோர் ஏறத்தாழ அசைக்க முடியாதவராக இருந்தார்.

ஆனாலும் வெளியுலகுக்கு இதை அறிமுகப்படுத்தியது எந்தக் கோப்பையும் அல்ல. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் பிறந்து, எடின்பரோவில் ஒரு சைக்கிள் கடையில் மெக்கானிக்காக இருந்த டேனி மெக்காஸ்கிலை, உடன் தங்கியிருந்த நண்பர் படமெடுத்து 2009 ஏப்ரலில் இணையத்தில் போட்டார். கூர்முனைகள் கொண்ட இரும்பு வேலியின் மேல் சைக்கிளில் போகும் அந்தக் காட்சியைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். வேலியில் அவர் சறுக்கி விழுந்த முயற்சிகளையும் வெட்டி எறியாமல் படத்தில் விட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு தெரு ட்ரையல்ஸ் பிரபலமானது. 24 அங்குலச் சக்கரமும் பெயருக்கு ஒரு சீட்டும் வைத்த தெரு வண்டிகளுக்கு மவுசு கூடியது.

இனி வண்டி. நம்மூர் சைக்கிளில் ஃப்ரீவீல் பின்சக்கரத்தில் இருக்கும். மிதிப்பதை நிறுத்தினால் டிக் டிக்கென்று சத்தம் கேட்பது அங்கிருந்துதான். ட்ரையல்ஸ் வண்டிகள் பெரும்பாலானவற்றில் அதை முன்னால், பெடல் இருக்கும் கிராங்கிலேயே பூட்டிவிடுகிறார்கள். பின்சக்கரத்தில் இருப்பது சக்கரத்தோடு இறுகிய சின்னப் பல்சக்கரம் மட்டுமே. அதனால் கால் ஓய்ந்திருந்தாலும் வண்டி உருளும்வரை செயின் சுற்றிக்கொண்டே இருக்கும். தொளதொள பேன்ட்டோடு ஏறுகிறவர் அன்றைக்கே பாடம் கற்றுவிடுவார்.

ஃப்ரீவீலிலும் வேறுபாடு உண்டு. கிராங்கில் பூட்டிய சாதாரண ஃப்ரீவீல் ஒரு சுற்றில் பதினெட்டு இடங்களில் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், பெடல் 20 டிகிரி வரை வெறுமனே நகர்ந்த பிறகுதான் விசை சக்கரத்துக்குப் போகும். சாலையில் இது யாருக்கும் தெரிவதில்லை. பின்சக்கரத்தில் நின்று, ஒரே ஒரு கால் உதையில் அடுத்த கல்லுக்குத் தாவ வேண்டியவருக்கோ அந்த 20 டிகிரிதான் எல்லாமே. அமெரிக்காவின் ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் செய்யும் ட்ரையல்ஸ் ஃப்ரீவீல் 72 இடங்களில் பிடிக்கும். வீண் அசைவு 5 டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. நூற்றெட்டு இடங்களில் பிடிப்பவையும் உண்டு. பிடிமானம் கூடக் கூட உள்ளே இருக்கும் பற்கள் நுணுகுகின்றன, சீக்கிரம் நழுவுகின்றன என்று புலம்புபவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

பல் கணக்கும் வேறு மாதிரி. 20 அங்குல வண்டியில் முன்னால் 18 பல், பின்னால் 12 பல் என்பது பரவலான அமைப்பு. பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி இரண்டரை மீட்டர்கூட நகராது. வீட்டு சைக்கிள் அதே சுற்றில் ஐந்து மீட்டருக்குமேல் போய்விடும். வேகத்தை விட்டுக்கொடுத்து உதையை வாங்கிக்கொள்கிற பேரம் இது.

பிரேக் விஷயத்தில்தான் ஆர்வலர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். பின்சக்கரம் ஒரு மயிரிழைகூட உருளக் கூடாது. உருண்டால் ஆள் கீழே. ஆகவே ஜெர்மனியின் மகுரா நிறுவனம் செய்த எச்எஸ் 33 என்ற ஹைட்ராலிக் ரிம் பிரேக் பல ஆண்டுகளாக இங்கே கோலோச்சியது. அதோடும் திருப்தி இல்லை. ஆங்கிள் கிரைண்டரை எடுத்து ரிம்மின் பக்கவாட்டைச் சொரசொரப்பாக்குகிறார்கள். பிரேக் கட்டை அதில் கவ்வும்போது எழும் கிறீச்சொலி தெருவையே திரும்பிப் பார்க்க வைக்கும். ஒரு காலத்தில் ரிம்மில் தார் தேய்த்தவர்களும் உண்டு. குழாய்க்குள் தயாரிப்பாளர் சொன்ன எண்ணெய்தான் ஊற்ற வேண்டுமா, வெறும் தண்ணீர் ஊற்றினால் லீவர் இன்னும் லேசாக இருக்காதா என்பது தனி வழக்கு. இப்போது டிஸ்க் பிரேக் வந்து, மழையிலும் பிடிக்கிறதே என்று பலரைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. ஆனால் இறுக்கிப் பிடித்தாலும் சக்கரம் துளி முன்னும் பின்னும் அசைகிறது என்று பழைய கட்சியினர் முகம் சுளிக்கிறார்கள்.

இந்தப் பாகங்கள் எல்லாம் சேர்வது பெடல் கிக் என்ற அசைவில். பின்சக்கரத்தில் நின்று, பிரேக்கைப் பிடித்தபடி முழங்கால் மடக்கி உட்கார்ந்து எழும்போது, பிரேக்கை ஒரு கணம் விட்டு, முன்னால் இருக்கும் பலமான காலால் கால் சுற்று மிதித்து, இறங்கும் முன் மறுபடி பிரேக். பார்ப்பதற்கு ஒரே துள்ளல். அந்தக் கணத்தில் உடல் எடைக்கு மேற்பட்ட விசை முழுவதும் ஒரு செயினின் வழியாகப் போகிறது.

செயின் அறுந்தால்? பிடிமானம் இல்லாமல் கால் கீழே பாயும், முழங்கால் ஹேண்டில்பாரின் போல்ட்டில் மோதும், ஆள் முன்னால் கவிழ்வார். அந்த இரண்டு பாறைகளுக்கும் நடுவே என்ன இருக்கிறதோ அதன் மேல்தான் விழ வேண்டும். அதனால்தான் அனுபவசாலிகள் செயின் நன்றாக இருக்கும்போதே மாற்றிவிடுகிறார்கள். பாதுகாப்பு என்றதும் ஹெல்மெட் பற்றியே பேச்சு ஓடுகிறது; இந்த விளையாட்டில் பாதிப் பாதுகாப்பு செயினிலும் பிரேக் கட்டையிலும் இருக்கிறது.

ஹெல்மெட்டுக்கும் வருவோம். போட்டிகளில் அது கட்டாயம். தெருவில் பழகுகிறவர்கள் பலர் தொப்பியோடு சரி. “நடக்கிற வேகத்தில் ஓட்டுவதற்கு ஹெல்மெட் எதற்கு?” என்பது அவர்கள் வாதம். வேகத்தை மட்டும் பார்த்தால் சரிதான். ஐரோப்பாவில் சைக்கிள் ஹெல்மெட்டுகளுக்கான இஎன் 1078 தரச் சோதனையில், ஹெல்மெட்டை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் விழ விடுகிறார்கள். மோதும் வேகம் மணிக்கு 19.5 கிலோமீட்டர். ஒரு மீட்டர் சுவர் மேல் சைக்கிளில் நிற்பவரின் தலையோ தரையிலிருந்து இரண்டரை மீட்டருக்கு மேல் இருக்கும். சக்கரம் உருளவே வேண்டாம், அங்கிருந்து தடையில்லாமல் விழுந்தால் தலை தரையில் மோதும் வேகம் 25 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். சோதனைச்சாலை வைத்த அளவையே தாண்டுகிற விளையாட்டில் தொப்பி போட்டுக்கொள்வது துணிச்சல் அல்ல, கணக்குப் பிழை.

அதற்காக ஹெல்மெட் எல்லாவற்றையும் காக்கும் என்றும் இல்லை. பிரிட்டனின் மார்ட்டின் ஆஷ்டன் இத்துறையின் மூத்த கை. விலையுயர்ந்த ரேஸ் சைக்கிளை வைத்துக்கொண்டு ட்ரையல்ஸ் வித்தை காட்டிய ‘ரோட் பைக் பார்ட்டி’ படத்தால் 2012-இல் உலகப் புகழ் பெற்றவர். 2013 செப்டம்பரில் சில்வர்ஸ்டோன் மைதானத்தில் நடந்த செய்முறைக் காட்சியின்போது சுமார் 3 மீட்டர் உயரக் கம்பியிலிருந்து பின்புறமாக விழுந்து முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பாதியில் நின்ற இரண்டாம் படத்தை மெக்காஸ்கிலும் மற்றொரு ட்ரையல்ஸ் வீரரான கிறிஸ் அக்ரிக்கும் முடித்துக் கொடுத்தார்கள். 2015-இல் மாற்றியமைத்த வண்டியில் நண்பர்களோடு மலைப்பாதையில் இறங்கி ஆஷ்டனும் மீண்டும் ஓட்டினார்.

முதுகுக் கவசம் பற்றிய பேச்சு வரும்போது சிலர் அவர் பெயரைச் சொல்வார்கள். மற்றவர்கள், அதைப் போட்டால் குனிந்து நிமிர முடியவில்லை, தாவலே தப்புகிறது, அப்புறம் விழாமல் என்ன செய்வது என்பார்கள். கையுறையிலும் இதே இழுபறி: ஒற்றை விரலால் பிரேக் பிடிப்பவருக்கு லீவரின் தொடு உணர்வு வேண்டும், உள்ளங்கைத் தோலும் வேண்டும். முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெட்டைக் கேட்டால் முன்சக்கரம் கண்ணில் படவில்லை என்று ஒரே குரலில் மறுப்பு வரும்.

சண்டை குறைவாக இருப்பது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் காக்கும் கவசத்தில். பெடலில் ஷூ வழுக்காமல் இருக்க உலோக முட்கள் உண்டு. கால் நழுவினால் பெடல் சுழன்று வந்து எலும்பின் மேல் உழும். வியர்க்கிறது, கீழே இறங்குகிறது என்று குறை சொல்பவர்களும் தழும்பைத் தடவிக்கொண்டேதான் சொல்கிறார்கள்.

புதிதாக வருபவர் பழைய வண்டியைத்தான் வாங்குவார். புதியது விலை அதிகம். அலுமினிய ஃப்ரேம் வளைந்து எச்சரிக்காது, விரிசல் விட்டு ஒரு நாள் பிளக்கும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை. வண்டியைக் கவிழ்த்து, பாறையில் இடித்து இடித்துப் பள்ளமான அடித்தகட்டைக் கழற்றச் சொல்லி, கிராங்குக்கு அருகே உள்ள வெல்டிங் கோடுகளில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகிறார்கள்.