வரப்பில் நண்டு வளை: சின்னப் பாவம் ஏன் திரும்பத் திரும்ப வருது?

ஒவ்வொரு ஈஸ்டர் முடிஞ்சதும் பல பேர் கேக்கற கேள்வி இது: தவக்காலம் நாப்பது நாளும் புறணி பேசல, பொய் சொல்லல. பண்டிகை முடிஞ்ச வாரமே எல்லாம் பழையபடி ஆயிடுச்சு, அப்போ என் விசுவாசமே பொய்யா? நிச்சயமா இல்ல. அற்பப் பாவம்ங்கற சின்னப் பாவம், ஆன்மாவைக் கொல்ற சாவான பாவம் பத்தியெல்லாம் ஞானோபதேச வகுப்புலயே படிச்சிருப்பீங்க, நேரா விஷயத்துக்கு வரேன். சின்னப் பாவத்தோட பலம் முழுக்க அதோட எண்ணிக்கையில இருக்கு. நாமளோ அதை ஒவ்வொண்ணா எடைபோட்டு, இது சின்னதுதானேன்னு விட்டுடறோம். எடைபோடறதை நிறுத்திட்டு எண்ண ஆரம்பிக்கணும். புனித அகுஸ்தினார் தன் வாழ்க்கையை எழுதின நூலோட ஒன்பதாம் புத்தகத்துல அம்மா மோனிக்காவைப் பத்திச் சொல்றதைப் பாருங்க. சின்னப் பொண்ணா இருந்தப்ப, பீப்பாயிலேர்ந்து திராட்சரசம் எடுத்துட்டு வர அனுப்புவாங்க. முதல்ல உதட்டுல படற அளவுதான் குடிச்சாங்க. தினமும் கொஞ்சம் கூடிக் கூடி, கிண்ணம் கிண்ணமா குடிக்கற நிலைமை வந்துடுச்சு. ஒருநாள் சண்டையில வேலைக்காரப் பொண்ணு 'குடிகாரி'ன்னு திட்டினா, அன்னிக்கே விட்டுட்டாங்க. தினப்படி கணக்கு பாக்காம விட்டதை, அந்த ஒரு வசவு மொத்தமா கூட்டிக் கண்ணு முன்னாடி வெச்சிடுச்சு.

நம்ம பூம்புகாருக்குப் பக்கத்துல மாயூரத்துல முன்சீபா இருந்த வேதநாயகம் பிள்ளையையும் இங்க சொல்லியாகணும். 1879ல வந்த பிரதாப முதலியார் சரித்திரத்தால தமிழோட முதல் நாவலாசிரியர்னுதான் அவரைத் தெரியும். அவர் கத்தோலிக்கர்ங்கறது பல பேருக்குத் தெரியாது. அந்த நாவலுக்கு இருபது வருஷம் முன்னாடியே, 1859ல, நீதிநூல் எழுதிட்டார். பொய், கைக்கூலி, சோம்பல்னு தினப்படி குத்தங்களையும் அதுல கண்டிச்சிருக்கார். முன்சீப் கோர்ட்டுக்குக் கொலை வழக்கு வராது. கடனும் நிலத் தகராறும்தான் வரும். சின்னப் பொய் ஒரு குடும்பத்தை என்ன பண்ணும்னு அந்த நாற்காலியில உக்காந்தவருக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும்.

சரி, எதிர்க்கேள்விக்கு வரேன். தரங்கம்பாடியில 1718லேர்ந்து லுத்தரன்களோட புது எருசலேம் ஆலயம் இருக்கற பகுதி இது. லுத்தரன் சகோதரர்கள் நியாயமாவே கேக்கலாம்: இரட்சிப்பு கிருபையாலன்னா, இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு? கடைமடை விவசாயியைக் கேளுங்க, சொல்வார். மேட்டூர் அணையில வழக்கமா ஜூன் 12ல திறக்கற தண்ணி அவர் உண்டாக்கினது இல்ல. ஆனா வரப்போட அண்டை வெட்டி, நண்டு வளையைச் சேறு போட்டு மிதிச்சு அடைக்கலைன்னா, வந்த தண்ணி ராத்திரியோட ராத்திரியா வடிஞ்சிடும். கிருபை தண்ணி, வரப்பு நம்ம வேலை. வளையை எண்ணாம எப்படி அடைக்கறது? இன்னொரு பயமும் நியாயமானது: எண்ணிக்கிட்டே இருந்தா மனசு நொந்துடாதா? நொந்துடும். லுத்தர் துறவியா இருந்தப்ப மணிக்கணக்கா பாவசங்கீர்த்தனம் பண்ணியும் நிம்மதி கிடைக்கல. புனித இஞ்ஞாசியாரும் 1522ல மன்ரேசாவுல இதே வேதனையைப் பட்டவர். அதனாலதான் எல்லாத்தையும் சேர்த்து எண்ணாதீங்கன்னு சொல்றேன்.

செய்முறையைச் சொல்றேன். இது இஞ்ஞாசியாரோட 'ஆன்மிகப் பயிற்சிகள்'ல இருக்கற முறை. ஒரே ஒரு குத்தத்தை எடுத்துக்கங்க. காலையில எழுந்ததும் அதை நினைச்சுக்கங்க. மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தடவை, எத்தனை முறை விழுந்தோம்னு மணிக்கணக்கா பின்னோக்கிப் பாத்து, நோட்டுல கோடு போட்டு அத்தனை புள்ளி வைங்க. விழுந்த அந்த நிமிஷமே நெஞ்சுல கை வைங்க. பக்கத்துல இருக்கறவங்களுக்குக்கூடத் தெரியாது. திருடினவன் திருட்டை விட்டா மட்டும் போதாது, உழைச்சு இல்லாதவங்களுக்குக் குடுக்கணும்னு பவுல் எபேசியருக்கு எழுதினார், அதனால விட்ட இடத்துல வேற ஒண்ணை வைங்க: புறணி பேசின ஆளுக்காக அன்னிக்கே ஒரு ஜெபம். ஏழாம் நாள் ராத்திரி, முதல் நாள் கோட்டையும் அன்னிக்குப் போட்ட கோட்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. புள்ளி குறையலைன்னா அடுத்த வாரமும் அதே குத்தம்தான்.