கருவுற்ற தாயும் அபின் பழக்கமும்

நம் நாட்டில் அபின், ஹெராயின் போன்றவற்றைப் பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடிப் பேர் என 2019-இல் மைய அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை மதிப்பிட்டது. இவர்களில் பெண்கள் சிறு பகுதியினரே. ஆயினும் கருவுற்ற பெண்ணிடம் இப்பழக்கம் இருப்பின், பாதிக்கப்படுவது ஈருயிர்.

இப்பொருள்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகின்றன. குறைப்பிரசவமும் எடைக்குறைவும் நேரக்கூடும். பிறந்தபின் அவை திடீரென நின்றுவிடுவதால், பெரும்பாலும் முதல் மூன்று நாள்களுக்குள் குழந்தை கீச்சுக்குரலில் ஓயாது அழும், கைகால்கள் நடுங்கும், பாலருந்த இயலாது தவிக்கும். இந்நிலை குணப்படுத்தக் கூடியதே. ஒளி மங்கிய அமைதியான அறையும் தாயின் அரவணைப்புமே முதற் சிகிச்சை. அறிகுறிகள் கடுமையானால் மட்டுமே மார்பின் சொட்டு மருந்து தேவைப்படும்.

தாயின் நிலை வேறு. "இன்றே நிறுத்திவிடு" என உறவினர் நல்லெண்ணத்துடன் கூறும் அறிவுரையே தீங்காக முடியலாம். திடீரென நிறுத்துவோர் பலர் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புகின்றனர். அப்போது பழைய அளவே உயிரைப் பறிக்கக்கூடும். ஆகவேதான் மருத்துவரின் மேற்பார்வையில் மெத்தடோன் அல்லது பியூப்ரனார்பின் மருந்தைத் தொடர்ந்து அளிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2014-இல் பரிந்துரைத்தது.

வழக்குக்கு அஞ்சியே பலர் மருத்துவமனையை அணுகுவதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64-அ பிரிவு உண்டு. சிறிதளவு பொருள் தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் தாமே முன்வந்து அரசு அங்கீகரித்த நிலையத்தில் சிகிச்சை பெற்றால், அது வழக்கிலிருந்து பாதுகாப்பளிக்கிறது. கிராமச் சுகாதார ஊழியர் இத்தகைய பெண்ணிடம் முதலில் எடுத்துரைக்க வேண்டியது இப்பிரிவையே.